என் இரண்டு காலுக்கும் சாக்ஸ் வரக் காரணமானவர்களுக்கு

போன வாரம் நானே கணக்குப் போட்டு, நானே டிசைன் செய்து, நானே பின்னிய முதல் ஜோடி சாக்ஸ் முடிந்தது. ஜோடி என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு முன்னால் ஒற்றை ஒற்றையாக மூன்று பின்னியிருக்கிறேன். நேரில் நன்றி சொல்லப் போனால் "அட விடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுகிற ஆட்கள் எல்லோரும், அதனால்தான் இந்த மடல்.

நான் திருப்பூர்க்காரி. பனியன் துணி ஓடுகிற சத்தத்தில் வளர்ந்தவள், அப்பா வட்ட நிட்டிங் மெஷின் ஓட்டுபவர். ஆனாலும் இரண்டு ஊசியை வைத்துக் கையால் பின்னுவதை, பேங்க் வேலையில் மாற்றலாகிக் குன்னூர் வந்த பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். டிசம்பரில் இங்கே கால் விறைத்துப் போகும். கடையில் வாங்கிய சாக்ஸ் எதுவும் எனக்குத் தாங்கவில்லை.

முதல் நன்றி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஊல் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. அமெரிக்கப் பின்னல் குறிப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, அதில் போட்டிருந்தபடி "ஒண்ணாம் நம்பர் ஊசி குடுங்க" என்று உங்களிடம் கேட்டேன். "சாக்ஸுக்கா? அது சுண்டுவிரல் தடிமன் இருக்குமேம்மா" என்றீர்கள். அமெரிக்காவில் ஒன்று என்றால் 2.25 மி.மீ., நம் ஊரில் ஓடுகிற பழைய பிரிட்டிஷ் கணக்கில் ஒன்று என்றால் 7.5 மி.மீ.; இங்கே நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். நான் கேட்டதையே கொடுத்துக் காசு வாங்கியிருக்கலாம். நீங்கள் அதே 2.25 மி.மீ. வரும் 13-ஆம் நம்பரை, இரண்டு பக்கமும் கூரான ஐந்து ஊசிக் கட்டாக எடுத்து வைத்தீர்கள். அக்ரிலிக் நூல் காலில் வியர்க்கும், மெரினோ ஆட்டுக் கம்பளியோடு நைலான் கலந்தது ஆன்லைனில் வாங்கிக்கொள் என்று, உங்கள் கடையில் இல்லாத சரக்குக்கும் வழி சொன்னீர்கள். எந்தக் கடைக்காரர் அப்படிச் சொல்வார்?

அப்புறம் பக்கத்து வீட்டு டீச்சரம்மா. தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடி போடாமலே பின்னுவார், டிவி பார்த்துக்கொண்டே பின்னுவார், என்னைத் திட்டிக்கொண்டும் பின்னுவார். நாலு ஊசியில் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, பிரித்து வைத்து ஐந்தாவதால் பின்னும்போது ஏதோ முள்ளம்பன்றியைக் கையில் பிடித்த மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் அதெல்லாம் ஒன்றுமில்லை, குதிகால்தான் கதை. 64 கண்ணி என்றால் பாதியை, அதாவது 32-ஐ மட்டும் எடுத்து முன்னும் பின்னுமாக 32 வரி பின்ன வேண்டும், பிறகு வரியின் கடைசிவரை போகாமல் நடுவிலேயே திரும்பித் திரும்பி, ஒவ்வொரு முறையும் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொண்டு வந்தால் 32 கண்ணி 18 ஆகும்போது தட்டையாகத் தொங்கிய துணி திடீரென்று கிண்ணம் மாதிரி குழிந்து நிற்கும். முதல் தடவை அது குழிந்தபோது இரவு பதினொரு மணி, நான் போய் உங்கள் கதவைத் தட்டினேன் டீச்சரம்மா, நீங்களும் தூக்கக் கலக்கத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு "ஒரு கண்ணி விட்டுட்டே, பிரி" என்றீர்கள். பிரித்தேன். அன்றைக்கு உங்கள் மேல் வந்த கோபம் மறுநாள் போய்விட்டது.

சாக்ஸின் விரல் முனையைத் தையல் தடம் தெரியாமல் மூடுகிற கிச்சனர் தையலையும் நீங்கள்தான் மந்திரம் மாதிரிச் சொல்லவைத்தீர்கள்: முன்னால நிட்டா எடுத்துக் கழட்டு, அடுத்ததைப் பர்லா எடுத்து விட்டு வை, பின்னால பர்லா எடுத்துக் கழட்டு, அடுத்ததை நிட்டா எடுத்து விட்டு வை. (நிட் என்றால் நேர்க் கண்ணி, பர்ல் என்றால் முன்பக்கம் மேடாக நிற்கும் எதிர்க் கண்ணி.) முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் அமைச்சராக இருந்த அதே கிச்சனர் பெயர்தான். சிப்பாய்களின் விரலைத் தையல் உரசக்கூடாது என்பதற்காக வந்தது என்பார்கள். அந்த மந்திரத்தை பஸ்ஸில் முணுமுணுத்து ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

சரி, அடுத்தவர் குறிப்பைப் பார்த்துப் பின்னத் தெரிந்துவிட்டது, இனி நாமே டிசைன் செய்வோம் என்று இறங்கினேன். என் பாதத்தின் சுற்றளவு 9 அங்குலம். மாதிரித் துண்டு பின்னி எண்ணினால் அங்குலத்துக்கு 9 கண்ணி. 81. அதில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால்தான் காலைக் கவ்விப் பிடிக்கும் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார், ஆக 72. பின்னி முடித்து, அழகு பார்த்து, அலசிப் போட்டேன். காய்ந்த பிறகு கணுக்காலில் சரிந்து விழுந்தது. ஆபீஸில் என் பக்கத்து சீட் கேஷியர் அண்ணனுக்கு 10 அங்குலக் கால், அவருக்கு அளவெடுத்தது போல உட்கார்ந்துகொண்டது! அண்ணே, அந்த ஒற்றைச் சாக்ஸை நிஜமாகவே போட்டுக்கொண்டு வந்து, நான்கு மாதம் தினமும் காலையில் "இன்னொரு கால் எப்பம்மா வரும்?" என்று கேட்டீர்களே, அதற்கு நன்றி. இல்லாவிட்டால் ஊசிகளைப் பரணில் போட்டிருப்பேன்.

எங்கே தப்பு என்று கண்டுபிடித்தது அப்பா. தீபாவளிக்குத் திருப்பூரே மூடிக்கிடக்கிற லீவில் இங்கே வந்திருந்தார். சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து துணியில் கண்ணி எண்ணுகிற பூதக்கண்ணாடியான கவுண்டிங் கிளாஸை எடுத்தார் (லீவிலும் பையில் அது!), வைத்து எண்ணினார். "எட்டுதானே இருக்குது கண்ணு? நீ எப்ப எண்ணுன, நனைக்கறதுக்கு முன்னாலயா? மெஷின்ல இருந்து எறக்குன துணிய ரிலாக்ஸ் ஆகவிடாம அளந்தா அது பொய்தான் சொல்லும்." அவ்வளவுதான். மாதிரித் துண்டை நனைத்துக் காயவைத்து எண்ணியிருந்தால் 9 பெருக்கல் 8, 72, பத்தில் ஒரு பங்கு போக 64 என்று வந்திருக்கும். பிறகு அவரே யோசித்து, "அப்ப உன் சாக்ஸு ரெண்டரை டயா" என்றார். டயா என்றால் அங்குலக் கணக்கில் விட்டம். அவர் ஓட்டுவது 20 டயா, 24 கேஜ், அதாவது அங்குலத்துக்கு 24 ஊசி, சுற்றிலும் ஆயிரத்து ஐந்நூறு ஊசி. அந்த ஆளுக்கு என் 64 கண்ணி எவ்வளவு சின்ன விஷயம்! ஆனால் இரண்டுமே குழாய்த் துணிதானே அப்பா, இத்தனை வருஷம் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

டிசைன் பற்றியும் சொல்ல வேண்டும். குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயிலின் தண்டவாளத்துக்கு நடுவே இரண்டு பல்பட்டைகள் ஓடும், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதில் பள்ளம், எந்த நேரமும் ஏதாவது ஒரு பல்லைச் சக்கரம் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காக. கல்லாறிலிருந்து இங்கே வரைதான் அந்தப் பட்டை உண்டு. அதைத்தான் பர்ல் கண்ணிகளால் சாக்ஸின் முன்பக்கம் இரண்டு வரிசையாக ஏற்றினேன். முதலில் இரண்டு சுற்று பல், இரண்டு சுற்று இடைவெளி என்று வைத்ததில் அந்த வரிசைகள் மட்டும் உயரத்தில் சுருங்கி, நடுவே இருந்த துணி அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. இதற்கும் அப்பாவுக்குத்தான் போன். "ரிப்பு அகலத்துல சுருங்கும், நீ போட்டிருக்கறது ஒசரத்துல இழுக்கும், பல்லைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வை" என்றார். ரிப் என்பது நிட்டும் பர்லும் நெடுக்காக மாறி மாறி நிற்கும் பின்னல். இடைவெளியை நான்கு சுற்றாக்கினேன், படிந்தது. உள்ளங்காலில் மட்டும் பல் வைக்கவில்லை, நடக்கும்போது குத்தும்.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து 1999-இல் மறைந்த எலிசபெத் சிம்மர்மன் என்ற பின்னல்காரர், ஸ்வெட்டருக்கு ஒரு சுற்றின் கண்ணி எண்ணிக்கையை வைத்தே மற்ற எல்லா அளவையும் சதவீதமாகக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தவர். யாரோ எழுதிய குறிப்பை நம்பி இருக்க வேண்டாம் என்ற தைரியம் அவரிடமிருந்து வந்தது, அவருக்கும் ஒரு கும்பிடு.

டீச்சரம்மா, உங்கள் வீட்டுக்காரர் ரயில் எஞ்சின் ஷெட்டில் இருந்தவர் என்பதால் இந்தப் பல்பட்டை சாக்ஸில் ஒரு ஜோடி உங்களுக்கு என்று வைத்திருக்கிறேன். இடது கால் முடிந்து நனைத்துக் காய்கிறது. வலது காலில் குதிகால் திருப்பியாகிவிட்டது, 18 கண்ணிதான், இந்த முறை இரண்டு தடவை எண்ணிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன், பிரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.