நைனாவுக்கு நெப்ராஸ்காவுலேர்ந்து ஒரு லெட்டர்

நைனா,

நல்லா இருக்கியா, அம்மாவுக்கு கால் வீக்கம் கொறஞ்சுதா. தெனமும் போன்ல தான் பேசறோமே, எதுக்கு இம்மாம் பெரிய லெட்டர்னு கேப்ப. போன்ல நான் பத்து சொன்னா உனக்கு நாலு தான் காதுல உழுவுது, மீதிக்கு நீ "ம்ம், சரிம்மா, சரிம்மா"ன்னு சொல்லி சமாளிக்கற, எனக்கு தெரியாதுன்னு நெனச்சுக்காத. அதான் எல்லாத்தையும் டைப் பண்ணி தம்பிக்கு வாட்ஸப்ல போட்டிருக்கேன், கண்ணமங்கலம் போவச்சொல்ல பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து குடுப்பான், கண்ணாடி போட்டுக்கினு நிதானமா படி. கடைசி வரைக்கும் படி, உனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன்.

அமெரிக்காவுல நான் இருக்கற இந்த ஊரப் பத்தி நீ கேட்டுக்கினே இருக்க. சொல்றதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல நைனா, ரெண்டாயிரம் பேரு கூட இருக்க மாட்டாங்க, ஒரே ஒரு மெயின் ரோடு, ரயில் பாதை ஓரமா சோளம் கொட்டி வைக்கற பெரிய பெரிய உருளை குதிர், சுத்தி பத்து மைலுக்கு சோளமும் மாடும் தான். குளிர் காலத்துல மைனஸ் இருபது போவும், மூக்குக்குள்ள இருக்கற ஈரம் கூட கெட்டி ஆவுது, அக்னி நட்சத்திரத்துல வேலூர் வெயில்ல பஸ் ஸ்டாண்டுல நின்னவளுக்கு இது வேற மாதிரி தண்டனை. பிளாட்ன்னு ஒரு ஆறு ஓடுது, அகலம் பாத்தா மலைச்சிடுவ, ஆனா பாதி நாளு நம்ம பாலாறு மாதிரி மணலும் திட்டுமா தான் கெடக்கும். அத பாத்த அன்னிக்கு தான் எனக்கு கொஞ்சம் மனசு ஒட்டிச்சு.

ஆஸ்பத்திரியும் சின்னது. கிராமத்து ஆஸ்பத்திரி மூடிடக் கூடாதுன்னு கவர்மென்ட் இங்க ஒரு ஏற்பாடு வச்சிருக்கு, 25 பெட்டுக்கு மேல இருக்கக் கூடாது, சராசரியா 96 மணி நேரத்துக்கு மேல பேஷண்ட வச்சிருக்கக் கூடாது, ஆனா எமர்ஜென்சி மட்டும் ராத்திரி பகல் தொறந்தே இருக்கணும், அதுக்கு பதிலா மெடிகேர்னு வயசானவங்களுக்கு இருக்கற கவர்மென்ட் இன்சூரன்ஸ் துட்டு கொஞ்சம் தாராளமா வரும். நர்ஸ் வேலைன்னா இங்க எல்லா வேலையும் தான். காலைல ஒரு பாட்டிக்கு சுகர் பாக்கறேன், மத்தியானம் மாடு மெதிச்சு விலா எலும்பு போனவன், சாயந்தரம் வயல்ல போடற அம்மோனியா கேஸ் மூஞ்சில அடிச்சு கண்ணு எரிஞ்சு வந்தவன். ஆம்புலன்ஸ் ஓட்டறது யாருன்னு நெனைக்கற, பேங்க்ல வேலை செய்யறவரும் ஸ்கூல் வாத்தியாரும் தான், சம்பளம் கெடையாது, அவசரத்துக்கு கூப்புடற பீப்பர் அடிச்சா வேலைய உட்டுட்டு ஓடி வருவாங்க.

இப்போ நான் சொல்ல வந்த ஆளுக்கு வரேன். எங்க ஆஸ்பத்திரில ஒரு வயசான டாக்டர் இருக்காரு, எம்பத்தி மூணு ஆவுது, இன்னும் வாரத்துல ரெண்டு நாள் காலைல வராரு. ஊரே டாக்னு தான் கூப்புடும், பேர சொல்லி யாரும் கூப்புட்டு நான் கேட்டதில்ல. எழுபதுகள்ல ஆரம்பிச்சு இதே ஊரு தான். பாட்டிக்கு பிரசவம் பாத்து, மவளுக்கு பாத்து, பேத்திக்கும் பாத்தவரு. இப்போ இங்க பிரசவம் பாக்கறதே நிறுத்திட்டாங்க, டாக்டர் கெடைக்கல, கட்டுப்படியும் ஆவல, வலி எடுத்தா அறுவது மைல் கார்ல போவணும், பனி காலத்துல நெனச்சு பாரு. அத சொன்னா மட்டும் மனுஷன் மூஞ்சி சுருங்கிடும்.

அவரு வைத்தியம் பாக்கறத நீ பாக்கணும் நைனா. ரூமுக்குள்ள போவச்சொல்லவே வியாதிய கேக்க மாட்டாரு. சின்ன ரவுண்டு ஸ்டூலு ஒண்ணு இருக்கு, அத கீழ எறக்கி, பேஷண்ட் தலைக்கு கீழ தன் தலை இருக்கற மாதிரி குந்திக்கினு, ஸ்டெத்த சட்டைல தேச்சு சூடு பண்ணிக்கினே சோளம் என்னா வெலை போவுதுன்னு ஆரம்பிப்பாரு. இங்கத்த விவசாயிங்களும் நம்ம ஊரு ஆளுங்க தான், நெஞ்சு வலிச்சா கூட அறுப்பு முடியட்டும்னு இருப்பாங்க, ஆஸ்பத்திரி பில்லு பயம் வேற. நேரா கேட்டா "நல்லா தான் கீறேன்"னு சொல்லிட்டு போயிடுவாங்க. இவரு சுத்தி வளைச்சு தான் புடிப்பாரு.

பேஷண்ட் பத்தி வெளில பேசினா இங்க வேலை போயிடும், ஹிப்பான்னு 1996லேர்ந்து சட்டம் இருக்கு, அதனால ஆளு அடையாளம் சொல்ல மாட்டேன். ஒரு பெரியவரு, பொண்டாட்டி தான் இஸ்துக்கினு வந்தாங்க, வீட்ல யாராண்டயும் பேச மாட்டேங்கறாரு, மறதி வந்துடுச்சோன்னு பயம் அந்தம்மாவுக்கு. மறதிக்கு டெஸ்ட் எழுதறதுக்கு முன்னாடி டாக் அந்த ஆளையே கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "மிலிட்டரில நீ என்னா வேலை பாத்த?" அந்தாளு நிமிந்து உக்காந்தான் பாரு. டாக் பாக்கெட்லேர்ந்து டியூனிங் ஃபோர்க்னு தட்டினா சத்தம் வர்ற கவை மாதிரி கருவிய எடுத்தாரு, 512ன்னு போட்டிருக்கும், முட்டில ஒரு தட்டு தட்டி நெத்தில வச்சு எந்தப் பக்கம் கேக்குதுன்னு கேட்டாரு. வலது பக்கம்னாரு. அப்புறம் காதுக்கு பின்னாடி எலும்புல வச்சாரு, காதுக்கு முன்னாடி புடிச்சாரு. மறதியும் இல்ல ஒண்ணும் இல்ல நைனா. காது போயிருக்கு, இடது பக்கம் அதிகமா, வெளில சொல்ல வெக்கப்பட்டுக்கினு கம்முனு இருந்திருக்காரு, அவ்ளோ தான்.

வெளில வந்ததும் என்னாண்ட சொன்னாரு. வலது தோள்ல ரைஃபிள் வச்சு சுடறவனுக்கு இடது காது தான் மொதல்ல அடி வாங்கும், ஏன்னா அந்தக் காது தான் குழாய் வாய் பக்கம் பாத்துக்கினு இருக்கும், வலது காதுக்கு தலையே நெழல் மாதிரி மறைப்பு. காது கேக்கற அளவ கிராஃப் எடுத்தா 4000 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு பள்ளம் உழுந்திருக்கும், வயசானதால வர செவிடு வேற மாதிரி இருக்கும். இந்த நாட்டுல பட்டாளத்து ஆளுங்க நஷ்டஈடு வாங்கற கோளாறுல நம்பர் ஒண்ணே காதுக்குள்ள ஙொய்ங்னு வர்ற இரைச்சல் தானாம், காலோ கையோ இல்ல.

எனக்கு அப்பவே திக்குனு ஆச்சு. நீ எஸ்எல்ஆர் ரைஃபிள் தூக்கினவன். 71 பாகிஸ்தான் சண்டை, பஞ்சாப் பார்டர், அதுக்கு முன்னாடி வெலிங்டன்ல ரேஞ்சுல வருஷக்கணக்கா சுட்டது. காதுல அடைச்சிக்க பஞ்சு கூட எவன் குடுத்தான்னு நீயே சொல்லி இருக்க. போன எப்பவும் வலது காதுல தான் வைப்ப. டிவி சவுண்டுக்கு அம்மா கத்தறது பக்கத்து தெருவுக்கு கேக்கும், உனக்கு மட்டும் கேக்காது.

டாக் கிட்ட உன்னப் பத்தி சொன்னேன். எங்க அப்பா இந்தியன் ஆர்மி, மெட்ராஸ் ரெஜிமென்ட், எங்க கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருப்பாங்கன்னு. டாக் நாற்காலிய இஸ்து போட்டுக்கினு உக்காந்துட்டாரு. பேச்சு 277 பேருக்கு போச்சு, அதான் வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல கல்லுல எழுதி இருக்கே, வேலூர்லேர்ந்து மொதல் உலகப்போருக்கு 277 பேரு போனாங்க, 14 பேரு உயிர் உட்டாங்கன்னு, அத சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. இங்க நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, அந்த சண்டை 1918ல முடிஞ்ச நாளு, ஊர் ஹால்ல எல்லாருக்கும் ரொட்டி மாதிரி பான்கேக் சுட்டு போடுவாங்க. டாக் வருவாரு, மூலைல உக்காந்து காப்பி குடிச்சிட்டு போயிடுவாரு, மேடை ஏறவே மாட்டாரு.

அவரு வியட்நாம் சண்டைக்கு போனவரு. அப்போ இங்க டாக்டருங்களையும் கட்டாயமா பட்டாளத்துக்கு புடிச்சிக்கினு போவாங்களாம், 1973 வரைக்கும் அது இருந்துச்சு. படிப்பு முடிச்சு ஒரு வருஷம் ஆஸ்பத்திரில வேலை பாத்திருக்காரு, அதுக்குள்ள ஆர்டர் வந்துடுச்சு. பிளெய்க்குன்னு மலை ஊரு, 71வது எவாகுவேஷன் ஆஸ்பத்திரி, ஒரு வருஷம். அடிபட்ட சிப்பாய்ங்கள ஹெலிகாப்டர்ல கொத்து கொத்தா வந்து எறக்குவாங்க, இவருக்கு குடுத்த வேலை வாசல்ல நின்னு பிரிக்கறது, இவன ஒடனே உள்ள கொண்டு போ, இவன் வெயிட் பண்ணலாம், இவன பொழைக்க வைக்க முடியாது அந்த ஓரமா படுக்க வை. இருவத்தேழு வயசு. இத அவரு எனக்கு சொன்னது திங்கக்கிழமை மாத்திரை கதை சொல்லச்சொல்ல நடுவுல, வாரம் ஒரு தடவ மலேரியாவுக்கு பெரிய ஆரஞ்சு கலர் மாத்திரை, முழுங்கினா வயித்தால போவுமாம், அத சொல்லி சிரிச்சிக்கினே வந்தாரு, அப்படியே இதயும் சொல்லிட்டாரு, சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. நெல்லு வயல் வாசனை உங்க ஊர்லயும் இருக்குமான்னு மட்டும் அடுத்த வாரம் கேட்டாரு.

திரும்பி வந்ததும் பெரிய சிட்டில ஆபரேஷன் டாக்டர் ஆவறதுக்கு சீட்டு இருந்துச்சாம். வேணான்னுட்டாரு. 1969ல தான் குடும்ப டாக்டருக்குன்னு இந்த நாட்டுல தனி ஸ்பெஷாலிட்டி போர்டே வந்துச்சு, அந்த ரூட்ட புடிச்சு இங்க வந்து உக்காந்துட்டாரு. எதுக்குன்னு நான் கேக்கல. ஆனா எனக்கு ஒண்ணு தோணுது, வாசல்ல நின்னு ஒரு நிமிஷத்துல ஒருத்தன் தலையெழுத்த முடிவு பண்ணினவரு, அப்புறம் ஒவ்வொருத்தனுக்கும் அர மணி நேரம் ஸ்டூல்ல குந்திக்கினு சோளம் வெலை பேசறாரு. கிளினிக் மேனேஜர் பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆவக்கூடாதுன்னு சொல்லி சொல்லி அலுத்துட்டான்.

அவருக்கு அப்புறம் யாருன்னு தான் தெரியல. வெளிநாட்டு டாக்டருங்க இந்த மாதிரி ஊர்ல மூணு வருஷம் வேலை செஞ்சா விசா சிக்கல் தீரும்னு ஒரு ஸ்கீம் இருக்கு, ஒரு மாநிலத்துக்கு வருஷத்துக்கு 30 பேரு. அப்டி ஒரு தெலுங்கு டாக்டர் வந்தாரு, தங்கமான ஆளு, மூணு வருஷம் முடிஞ்சதும் டெக்ஸாஸ் போயிட்டாரு. தப்பு சொல்ல முடியாது, புள்ளைங்க படிப்பு இருக்குல்ல. இன்னொரு சேதி தெரியுமா, நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி ஐடா ஸ்கடர் அம்மா சின்ன வயசுல கொஞ்ச வருஷம் இதே நெப்ராஸ்காவுல வளந்தவங்களாம், 1900ல வேலூர்ல ஒத்த பெட்டோட அத ஆரம்பிச்சவங்க. டாக்குக்கு தெரியல, சொன்னதும் நம்பாம கம்ப்யூட்டர்ல தேடி பாத்துட்டு சத்தம் போட்டு சிரிச்சாரு.

சரி, வேலைக்கு வரேன். அன்னிக்கு பிரேக் ரூம்ல உன்னோட வீடியோ கால் பேசிக்கினு இருந்தேன்ல, டாக் பின்னாடி நின்னு பாத்துக்கினு இருந்திருக்காரு. தமிழ் ஒரு அட்சரம் தெரியாது, ஆனா நீ தலைய திருப்பி திருப்பி வலது காத போனாண்ட கொண்டு போனத பாத்துட்டாரு. "உங்க அப்பா ரைஃபிள்மேனா"ன்னாரு. எனக்கு பேச்சே வரல.

அதனால நீ இந்த வாரம் வேலூர் போய் ஈசிஹெச்எஸ்ல, அதான் ரிட்டயர் ஆன பட்டாளத்து ஆளுங்களுக்கான கிளினிக்ல காட்டு. காது டாக்டருக்கு எழுதி குடுங்கன்னு கேளு, காது கேக்கற அளவ கிராஃபா காட்டற ஆடியோகிராம் எடுக்க சொல்லு. காதுக்குள்ள பூச்சி கத்தற மாதிரி சத்தம் வருதுன்னு வாய தொறந்து சொல்லு, எனக்கு தெரியும் உனக்கு இருக்குன்னு, ராத்திரி ஃபேன் இல்லாம தூங்க மாட்ட, அது காத்துக்கு இல்ல. அந்த இரைச்சல ஒரேடியா போக்கற மாத்திரை இல்ல, எவனாவது எண்ணெய் ஊத்தறேன் சொட்டு மருந்து ஊத்தறேன்னா கிட்ட சேக்காத, ஆனா மெஷின் வச்சா வெளி சத்தம் கேக்கும், உள் சத்தம் அடங்கினாப்புல தோணும்னு டாக் சொல்றாரு. மெஷின் வச்சா கெழவன் ஆயிட்டேன்னு ஊர் சொல்லும்னு யோசிக்காத, உனக்கு எழுவத்தி நாலு ஆயிடுச்சு நைனா, ஊருக்கு ஏற்கனவே தெரியும்.

டிஸ்சார்ஜ் புக்கும் பென்ஷன் ஆர்டர் பிபிஓவும் பீரோ மேல் தட்டுல அம்மா பட்டுப்புடவைக்கு கீழ பச்சை கவர்ல இருக்கு, ஈசிஹெச்எஸ் கார்டு உன் பர்ஸ்ல. தனியா போவாத, டோக்கன் நம்பர் கூப்ட்டா உனக்கு கேக்காது, தம்பிய லீவு போட சொல்லி இருக்கேன். டிசெபிலிட்டி பென்ஷனுக்கு இப்போ வழி இருக்கான்னு முன்னாள் படைவீரர் ஆபீஸு சைனிக் போர்டுல அவன் விசாரிப்பான், நீ அங்க போய் மானம் மரியாதைன்னு சண்டை போடாத. கிராஃப போட்டோ எடுத்து அனுப்ப சொல்லு, டாக் பாக்கறேன்னு சொல்லி இருக்காரு.

அம்மா அனுப்பின மொளகாத்தூள் நல்லபடியா வந்துடுச்சு. இலவம்பாடி முள்ளு கத்திரி வெதை அனுப்பறேன்னு சொல்லிக்கினு இருக்காம், வேணாம்னு சொல்லு, கஸ்டம்ஸ்ல புடுங்கிப்பாங்க.

உன் மவ