ஆறுமுகத்துக்கு, ஞாபக மாத்திரைகள் பற்றி

அன்புள்ள ஆறுமுகம்,

உன் கடிதமும், ஞாபகசக்திக்கு வாங்கலாமா என்று நீ படம் எடுத்து அனுப்பிய நான்கு மாத்திரைப் பாட்டில்களின் படங்களும் வந்து சேர்ந்தன. பேத்தி கல்லூரிக்குப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளைத் தொட்டிலில் பார்த்ததுதான் என் மனதில் நிற்கிறது. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. மருந்து அட்டையின் பொடி எழுத்துக்கு இனி பூதக்கண்ணாடி வேண்டாம். "வேலையை விட்டும் லேபிள் படிக்கிற புத்தி போகவில்லையே" என்று சரோஜா சிரிக்கிறாள். மருந்துக் கம்பெனியின் தரப் பரிசோதனைக் கூடத்திலேயே தலை நரைத்தவனுக்கு வேறு என்ன புத்தி வரும்?

"நாலில் எது நல்ல சரக்கு, ஒன்றை மட்டும் சொல்" என்கிறாய். ஒரு வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் உன் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. லேபிளில் எழுதியதுதான் பாட்டிலுக்குள் இருக்கிறதா என்பது ஒன்று. இருந்தாலும் அது மூளைக்கு ஏதாவது செய்யுமா என்பது வேறு. முதலாவதற்கு என்னைப் போன்ற ஆள் கருவியை வைத்துக்கொண்டு ஒரே நாளில் பதில் சொல்லிவிடுவான். இரண்டாவதற்கு ஆயிரக்கணக்கானவர்களுக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்க்க வேண்டும். விற்கிறவர்கள் முதல் கேள்விக்கு வாங்கிய முத்திரையை அட்டையில் பெரிதாக அச்சடித்து, இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டதுபோல நம்மை நினைக்க வைக்கிறார்கள்.

உன் முதல் படத்தில் இருக்கும் ஜிங்கோ என்ற மர இலைச் சாற்றையே எடுத்துக்கொள். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு 120 மில்லிகிராம் ஜிங்கோ சாறு தினம் இரண்டு வேளையும், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து, சராசரியாக ஆறு வருடம் கவனித்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. மறதி நோய் ஜிங்கோ சாப்பிட்டவர்களில் 277 பேருக்கு, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 246 பேருக்கு. அதற்காக ஜிங்கோ கெடுதல் செய்தது என்று சொல்ல முடியாது, அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. ஆனால் தடுக்கவில்லை என்பது தெளிவு. அவர்களுக்குக் கொடுத்தது கடையில் கிடைப்பதைவிடத் தரமான சரக்கு என்பதையும் மறந்துவிடாதே.

ஜிங்கோவைப் பற்றி இன்னொன்று, இது என் தொழில் சார்ந்த சங்கதி. நல்ல சாறு என்றால் அதில் இலையின் இரண்டு முக்கியப் பொருள்களான ஃபிளேவோன் கிளைகோசைடு 24 சதவீதமும் டெர்பீன் லாக்டோன் 6 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். இலையிலிருந்து இதை எடுக்கச் செலவு அதிகம். கலப்படக்காரனுக்கு நாம் என்ன சோதிப்போம் என்பது அத்துப்படி. மட்டமான சாற்றில், வேறு செடியிலிருந்து மலிவாகக் கிடைக்கும் ரூட்டின் என்ற ஃபிளேவோன் வகைப் பொருளைக் கலந்துவிடுவான். மொத்த ஃபிளேவோனை மட்டும் அளக்கும் சோதனையில் 24 வந்துவிடும், சரக்கும் 'பாஸ்' ஆகிவிடும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அட்டையில் "24%" என்று பார்த்தவுடன் மனம் குளிர்ந்துவிடாதே என்பதற்காகச் சொல்கிறேன். எப்படியும் உனக்கு ஜிங்கோ வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவன் நீ. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து ஓடும்போது, ரத்தக்கசிவைக் கூட்டலாம் என்ற சந்தேகமுள்ள ஒன்றை மேலே ஏற்றுவது எதற்கு?

உன் தங்கை சொன்ன ஜெல்லிமீன் புரத மாத்திரை, பிரிவஜென் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பதுதான். 218 பேரிடம் ஒரு ஆய்வு நடத்தினார்கள், மொத்தமாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை. பிறகு அதே கணக்கை முப்பதுக்கும் மேற்பட்ட விதங்களில் துண்டு போட்டு, எங்கோ ஓரிரண்டில் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்ததும் அதை வைத்து விளம்பரம் செய்தார்கள் என்பது அமெரிக்க வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2017-இல் வழக்கு தொடுத்தார்கள். 2024-இல் ஞாபகசக்தி கூடும் என்று விளம்பரம் செய்யக்கூடாது என நீதிமன்றம் உத்தரவிட்டது. முப்பது தடவை பூவா தலையா போட்டால் ஒன்றிரண்டு இடத்தில் தொடர்ந்து பூ விழத்தான் செய்யும். "மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இரண்டாவது படம், மீன் எண்ணெய். முன்பக்கம் "1000 மில்லிகிராம்" என்கிறது. அது எண்ணெயின் எடை. பின்பக்கம் பார், ஒமேகா-3 கொழுப்பு வகைகளான ஈபிஏ 180, டிஎச்ஏ 120. வேலை செய்கிற பொருள் 300 மில்லிகிராம்தான். இதைத்தான் முன்பக்கத்தையே பார்க்காதே என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அந்த எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும் தன்மை உள்ளது. காலாவதித் தேதி பாக்கி இருந்தாலும் ஒரு கேப்சூலைக் கிள்ளி முகர்ந்து பார், சிக்கு வாடை அடித்தால் தூக்கிப் போடு. எலுமிச்சை வாசனை சேர்த்திருந்தால் மூக்கையும் ஏமாற்றிவிடும். நன்றாக இருக்கும் சரக்கும் உன் ஞாபகத்தைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்கு மேல் ஒமேகா-3 போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு கூடுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. உன் இதய டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடாதே.

மூன்றாவது படத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. "சிறப்புக் கலவை 1200 மில்லிகிராம்" என்று மொத்தமாகப் போட்டு, கீழே பதினோரு பெயர்கள். எது எவ்வளவு என்று ஒரு எண்கூட இல்லை. அதில் பத்து பெயர்கள் தூசி அளவுக்கு இருக்கலாம், ஒன்று மட்டும் அளவுக்கு மீறி இருக்கலாம். இந்த மாதிரி கலவையை யார் விற்றாலும் வாங்காதே. அதில் ஹூபர்சின் என்று ஒன்று போட்டிருக்கிறார்களே, அது மறதி நோய்க்கு டாக்டர்கள் எழுதும் டோனெபிசில் வேலை செய்கிற அதே வழியில் வேலை செய்கிற பொருள், இதயத் துடிப்பைக் குறைக்கும். அசுவகந்தாவும் செறிவூட்டிய மஞ்சள் சாறும் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. லேபிளில் பெயரே இல்லாமல் உள்ளே வருவதும் உண்டு. 2020-இல் வெளியான ஒரு ஆய்வில், மூளைக்கென்று அமெரிக்காவில் விற்ற மாத்திரைகளைச் சோதித்தபோது, அங்கே அனுமதி கிடைக்காத ஐந்து மருந்துகள் இருந்தன. லேபிளில் சொன்ன அளவும் உள்ளே இருந்த அளவும் பெரும்பாலும் பொருந்தவில்லை. ஆயுர்வேதம் என்றால் பயமில்லை என்கிறாய். இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள்; ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் மூளையைக் கெடுக்கிற விஷம், மூளை மருந்தில் அது இருந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது!

சரி, முத்திரைக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. யுஎஸ்பி, என்எஸ்எஃப் போன்ற வெளி அமைப்புகளின் முத்திரை இருந்தால், சொன்ன பொருள் சொன்ன அளவில் இருக்கிறது, கன உலோகம் வரம்புக்குள் இருக்கிறது, தயாரிக்கும் இடத்தைப் பார்வையிட்டிருக்கிறார்கள் என்று நம்பலாம். முத்திரையைப் படமாக ஒட்டுவது சுலபம், ஆகவே அந்த அமைப்பின் பட்டியலில் அதே தயாரிப்பின் பெயர் இருக்கிறதா என்று சரிபார். "எஃப்டிஏ-வில் (அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம்) பதிவு பெற்றது" என்ற வாசகத்துக்கு மட்டும் மயங்காதே. 1994-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி சத்து மாத்திரை சந்தைக்கு வருமுன் பலன் உண்டு என்று யாரும் அங்கே நிரூபிக்க வேண்டியதில்லை. பதிவு என்பது தொழிற்சாலையின் முகவரி அவர்கள் கையில் இருக்கிறது என்பதுதான். நல்ல கம்பெனியா என்று தெரிய நான் செய்வது ஒன்றே. பேட்ச் எண்ணைச் சொல்லி, அந்தப் பேட்சின் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்டு எழுதுவேன். ஒழுங்கானவன் அனுப்பிவிடுவான். மற்றவன் நன்றிக் கடிதம் அனுப்புவான்.

இப்போது நான்காவது படம், பி காம்ப்ளெக்ஸ். உன் விஷயத்தில் எனக்கு அக்கறை இங்கேதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறாய், வயிற்றுக்குப் பான்டோப்ரசோல். இரண்டுமே பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். வயதானால் வயிற்று அமிலமும் குறையும், அதனாலும் பி12 சேர்வது குறையும். பி12 குறைந்தால் மறதி, தடுமாற்றம், பாதத்தில் மதமதப்பு எல்லாம் வரும். நேரத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும், விட்டுவிட்டால் நரம்புச் சேதம் நிரந்தரமாகலாம். ஆகவே முதலில் ரத்தத்தில் பி12, தைராய்டு இரண்டும் பார். குறைவு என்று தெரிந்தால் டாக்டர் சொல்லும் அளவில் பி12 எடு, அந்த மாத்திரைக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போடுவேன். குறைவே இல்லாதவனுக்கு மேலே ஊற்றினால் மூளை கூர்மையாகாது. உலக சுகாதார அமைப்பும் 2019-இல், மறதி நோயைத் தடுப்பதற்கென்று பி, ஈ வைட்டமின்களையோ ஒமேகா போன்ற கொழுப்பு அமிலங்களையோ பரிந்துரைக்கக் கூடாது என்றுதான் சொன்னது. மெட்ஃபார்மினை நீயாக நிறுத்திவிடாதே, உன் சுபாவம் எனக்குத் தெரியும்.

அந்தப் பாட்டிலில் பி6 நூறு மில்லிகிராம் இருக்கிறது. தண்ணீரில் கரைகிற வைட்டமின், மிஞ்சினது சிறுநீரில் போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். பி6-க்கு அது செல்லாது. அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே கை கால் நரம்பைக் கெடுக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் ஒரு நாளைய உச்ச வரம்பை 12 மில்லிகிராமாக வைத்தது. நரம்புக்கு என்று வாங்கி நரம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பயோட்டின் என்ற இன்னொரு பி வைட்டமினும் அதிலேயே இருக்கிறது. அது சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பொய்யாக்கும், தைராய்டும் மாரடைப்பு அறியும் ட்ரோபோனினும் அதில் அடக்கம். ரத்தம் கொடுக்கும் முன் இதைச் சாப்பிடுவதை ஆய்வகத்தில் சொல்லி, எப்போது நிறுத்த வேண்டும் என்று கேள்.

தூக்கத்துக்கென்று அவ்வப்போது ஒவ்வாமை மாத்திரை போடுகிறாயே, டைஃபென்ஹைட்ரமின், அதை விட்டுவிட முடியுமா என்றும் டாக்டரிடம் கேள். வயதானவர்களுக்கு அது நேரடியாகவே குழப்பத்தைக் கொடுக்கும். அப்புறம், திட்டாதே, காதைப் பரிசோதித்துக்கொள். நீ மறந்துவிட்டதாகச் சொல்லும் விஷயங்களில் பாதி உன் காதிலேயே விழவில்லை. தொலைபேசியில் ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று தடவை சொல்கிறேன். மறதி நோய்க்கான மாற்றக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் பட்டியலிட்ட பதினான்கில் காது கேளாமையும் ஒன்று, ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் கவனிக்காத கண் பார்வையும்கூட. என் புரையை எடுத்த டாக்டர் இதைச் சொல்லித்தான் எனக்குத் தைரியம் கொடுத்தார்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் ஒரு படம் அனுப்பு. எண்ணை மட்டும் எடுக்காமல், பக்கத்தில் இருக்கும் ஆய்வகத்தின் இயல்பு வரம்பும் தெரிகிற மாதிரி எடு. பி12 எல்லைக்கோட்டில் நின்றால், உண்மையிலேயே குறைவா என்று பார்க்க மெத்தில்மலோனிக் அமிலம் என்று இன்னொரு ரத்தச் சோதனை இருக்கிறது, அதைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம். தங்கையிடம் ஜெல்லிமீன் பாட்டிலைத் திறக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்.

அன்புடன்,
ரங்கன்