"சாதனை" என்றால் எந்தச் சாதனை?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

யாழ். புனித பத்திரிசியார் கல்லூரி, இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி போன்ற கத்தோலிக்க ஆண்கள் பாடசாலைகளின் வெற்றிச் செய்திகளுக்குத் தங்கள் பாடசாலைப் பக்கத்தில் தொடர்ந்து இடம் தருகிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. படமும் பாராட்டும் தாராளமாகவே வருகின்றன. ஆனால் பிள்ளை என்ன செய்தான் என்பதுதான் பல நாட்களில் தெரியாமற் போகிறது. "மாகாணமட்டப் போட்டியில் சாதனை படைத்துக் கல்லூரிக்குப் பெருமை சேர்த்தார்" என்று இருக்கும். எந்த வயதுப் பிரிவு, எவ்வளவு தூரம், முன்னைய பதிவு எவ்வளவு என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

எங்கள் தமிழில் சாதனை என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. மூன்றாம் இடம் வந்தாலும் சாதனை, பல வருடப் பதிவை முறியடித்தாலும் சாதனை. ஆகவே இரண்டாவது பொருளில் எழுதும்போது அது இல்லப் போட்டிச் சாதனையா, வலயச் சாதனையா, மாகாணப் போட்டிச் சாதனையா, இலங்கைச் சாதனையா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். யாழ். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. வலயத்தில் முதலிடம் பெற்றவரை "யாழ். மாவட்டத்தில் முதலிடம்" என்று போட்டால் மற்ற நான்கு வலயத்துப் பிள்ளைகளின் உழைப்பு அடிபட்டுப் போகிறது. அகில இலங்கை பாடசாலை விளையாட்டு விழா வேறு, சேர் ஜோன் டார்பட் மெய்வல்லுநர் போட்டி வேறு. இரண்டுமே நாடு தழுவியவை என்பதால் "தேசியமட்டம்" என்று மட்டும் எழுதினால் எதுவென்று விளங்காது.

வயதுப் பிரிவை விட்டுவிடுவது இன்னும் பெரிய பிழை. குண்டு போடுதலில் வளர்ந்த ஆண்களுக்கு 7.26 கிலோ, 20 வயதின் கீழ் 6 கிலோ, 18 வயதின் கீழ் 5 கிலோ என்பதுதான் சர்வதேச அளவு. 5 கிலோவை 14 மீற்றர் போட்டவரையும் 6 கிலோவை 14 மீற்றர் போட்டவரையும் ஒரே பந்தியில் எடை குறிப்பிடாமல் எழுதினால் இரண்டாமவருக்கு அநியாயம். 110 மீற்றர் தடைதாண்டலிலும் அப்படித்தான். தடையின் உயரம் வளர்ந்தோருக்கு 1.067 மீற்றர், 20 இன் கீழ் 0.991, 18 இன் கீழ் 0.914.

நேரத்துக்கு வருவோம். நிறுத்தற் கடிகாரத்தில் 11.21 செக்கன் என்று காட்டினாலும் கைக்கணிப்பில் அதை அடுத்த பத்திலொன்றுக்கு உயர்த்தி 11.3 என்றுதான் பதிய வேண்டும். மூன்று நேரக் கணிப்பாளர்களில் இருவர் ஒத்துப்போனால் அந்த நேரம், மூவரும் வேறுபட்டால் நடுவில் உள்ள நேரம். மைதானத்து ஓரத்தில் நின்ற ஒருவரின் கைத்தொலைபேசியில் வந்த 11.21 மறுநாள் பத்திரிகையில் அப்படியே வந்துவிட்டால், அது இலத்திரனியல் கருவியில் எடுத்த நேரம் என்று வெளியூர்ப் பயிற்றுநர் நினைப்பார். 100 மீற்றரில் கைக்கணிப்பை இலத்திரனியல் நேரத்தோடு ஒப்பிட 0.24 செக்கன் கூட்டுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் அந்தப் பையனின் உண்மையான தரம் 11.5 இற்குக் கிட்ட. சான்றிதழில் ஒன்று, பத்திரிகையில் இன்னொன்று என்றால் அடுத்த போட்டிக்குப் போகும்போது சந்தேகப் பார்வைக்கு ஆளாவது பிள்ளைதான். 100, 200 மீற்றர் ஓட்டங்கள், 110 மீற்றர் தடைதாண்டல், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல் ஆகியவற்றில் பின்காற்று செக்கனுக்கு 2.0 மீற்றரைத் தாண்டினால் இடம் உண்டு, பதக்கம் உண்டு, சாதனை என்று பதிய முடியாது. காற்றுமானி வைக்கப்பட்ட போட்டியென்றால் அந்த அளவையும் கேட்டு வாங்குங்கள்.

தசமப் புள்ளி படுத்தும் பாடு தனி. நீளம் பாய்தலில் 6.08 மீற்றர் என்பது 6.8 என்று அச்சாகிறது. ஒரு சுழி போனதில் பையன் 72 சென்ரிமீற்றர் கூடப் பாய்ந்துவிடுகிறான். இதில் பாதிக் குற்றம் பாடசாலைகளின் பக்கம்தான். இன்னும் பலர் ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டித்தான் செய்தி அனுப்புகிறார்கள். அந்த எழுத்துருவில் ஆங்கிலக் காற்புள்ளி விசை "இ" என்ற எழுத்து. ஆகவே ஒருங்குறிக்கு மாற்றும்போது ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் "1இ500 மீற்றர்" ஆகிறது. கிலோகிராமின் ஆங்கிலச் சுருக்கம் "மப" ஆகிறது. "5 மப குண்டு" என்று வந்தால் வாசிப்பவர் என்ன செய்வார்? அனுப்புவோர் எண்களுக்குள் காற்புள்ளி போடாமல், அலகைத் தமிழிலேயே எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

கோலூன்றிப் பாய்தலிலும் உயரம் பாய்தலிலும் முதலாம், இரண்டாம் இடம் பெற்ற இருவருக்கும் 3.80 மீற்றர் என்றிருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றைத் திருத்திவிட வேண்டாம். அந்த உயரத்தைக் குறைந்த முயற்சியில் தாண்டியவருக்கே முன்னிடம். அதிலும் சமனென்றால் அதுவரையான மொத்தத் தவறல்களை எண்ணுவார்கள்.

துடுப்பாட்டத்தில் "சமநிலையில் முடிந்தது" என்ற வசனத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இருநாள் ஆட்டம் நேரம் போதாமல் முடிவில்லாது நிற்பதும், இரு அணிகளின் மொத்த ஓட்டங்களும் சரிசமமாகி முடிவதும் ஒன்றல்ல. முதலாவதை "வெற்றி தோல்வியின்றி" என்று எழுதினால் குழப்பம் இல்லை. பந்துவீச்சில் 18.4 என்பது 18 பந்துப்பரிமாற்றங்களும் நான்கு பந்துகளும், அதாவது 112 பந்துகள். அதைத் தசமமாக எடுத்துச் சராசரி பிரித்தால் கணக்குப் பிழைக்கும். "7 இலக்குகள்" என்பதோடு எத்தனை ஓட்டங்களுக்கு என்பதும் வர வேண்டும். உதைபந்தாட்டத்தில் 1:1 என முடிந்து சமநிலை தவிர்ப்பு உதையில் 4:3 என வென்றால் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். வெறுமனே 4:3 என்றால் தோற்ற அணியின் காவலாளி ஆட்ட நேரத்திலேயே நான்கு கோல் விட்டவராகிவிடுவார்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்று நாட்களில் "3ஏ பெற்று முதலிடம்" என்று வரும் செய்திகளிலும் பிரிவு எழுதப்பட வேண்டும். உயிரியலா, பௌதிக விஞ்ஞானமா, வணிகமா, கலையா, தொழில்நுட்பமா? மாவட்ட நிலை பிரிவுக்குப் பிரிவு தனித்தனி. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரித்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுப்பார்கள். ஆகவே 2ஏ, பி எடுத்தவர் 3ஏ எடுத்தவருக்கு மேலே நிற்பதும் உண்டு. அவரின் படம் மட்டும் விடுபடுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெயர்களையும் சொல்லத்தான் வேண்டும். ஆங்கிலப் பட்டியலிலிருந்து தமிழாக்கும்போது அன்ரன் அன்டனாகிறார், யூட் ஜூட்டாகிறார். அந்தப் பிள்ளையும் தாய் தகப்பனும் தமிழில் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே, முதலெழுத்தோடு வர வேண்டும். ஒரே கல்லூரி "சென். பற்றிக்ஸ்", "புனித பத்திரிசியார்", "சம்பத்திரிசியார்" என மூன்று விதமாக வருவதால் பின்னர் தேடுபவர் மூன்று பெயரிலும் தேட வேண்டியிருக்கிறது.

தேடுபவர்கள் இருக்கிறார்கள், ஐயா. புனித பத்திரிசியார் 1850 இல் தொடங்கிய கல்லூரி. தனிநாயகம் அடிகள் படித்த இடம். அங்கே அதிபராக இருந்த லோங் அடிகளார் முன்னின்று உழைத்து உருவான யாழ். பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் பழைய பத்திரிகைக் கட்டுகளும் போயின. அதே நாட்களில் "ஈழநாடு" பத்திரிகைப் பணிமனையும் எரிந்தது. அந்தக் கட்டுகளில் இருந்த பாடசாலைச் செய்திகளை இனி எங்கே தேடுவது? இன்று அச்சாகும் நான்கு வரிதான் நாற்பது வருடத்துக்குப் பிறகு ஒருவருக்குக் கிடைக்கும் ஒரே ஆதாரமாக இருக்கக்கூடும்.

பாடசாலைகளுக்கு: நடுவர் கையொப்பமிட்ட முடிவுத் தாளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துச் செய்தியோடு அனுப்புங்கள். குழுப்படம் என்றால் இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுங்கள். பயிற்றுநரின் பெயரை விட வேண்டாம். தங்களிடம் ஒரு வேண்டுகோள்: எண் பிழைத்தால் திருத்தத்தை அதே பாடசாலைப் பக்கத்திலேயே, பிள்ளையின் பெயரோடு வெளியிடுங்கள். உள்பக்க மூலையில் "வருந்துகிறோம்" என்று வரும் இரண்டு வரி, வெட்டி ஒட்டி வைத்திருக்கும் தாயின் கண்ணில் படுவதில்லை.

இப்படிக்கு,
பாடசாலை விளையாட்டு நடுவர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.