செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் சில உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. கோடைப் பயிற்சி முகாம் நடந்தது. ஆயுத பூஜை கொண்டாடப்பட்டது. சுண்டல் போதவில்லை என்ற புகார் பதிவாகியுள்ளது.

அப்புறம், நிரல்மொழி விவகாரம், அதாவது கணினிக்குக் கட்டளை எழுதும் மொழி. 2001-ல் நம் உறுப்பினர்கள் ஐவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதி, சிடி போட்டு விற்ற தமிழ் நிரல்மொழியை, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய திறந்த மூலமாக்குவதாகப் போன பொதுக்குழுவில் தீர்மானித்தோம். "நெட்டில் ஏற்ற ஒரு வருஷமா?" என்று பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது.

ஏற்றலாம். எதை ஏற்ற நமக்கு உரிமை? எழுத்துகளைத் திரையில் வரையும் பகுதி வெளியே காசு கொடுத்து வாங்கியது. நாம் பயன்படுத்திக்கொள்ளலாம், அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. ஜாவா என்ற நிரல்மொழியைத் திறந்த மூலமாக்கிய சன் கணினி நிறுவனமும் இங்கேதான் முட்டிக்கொண்டது. 2006 நவம்பரில் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிடத் தொடங்கினார்கள். 2007 மே மாதம் அதன் நூலகங்கள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள், வந்தபோதும் சுமார் 4 சதவீத நிரலைத் தர முடியவில்லை. எழுத்துரு, நிறம், ஒலி என்று எல்லாம் பிறர் சொத்து. எழுத்துருவுக்கு ஃப்ரீடைப், நிறத்துக்கு லிட்டில் சிஎம்எஸ் எனத் திறந்த மூல மென்பொருள்களைப் போட்டு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. ரெட் ஹாட் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஐஸ்டீ திட்டம் ஓட்டைகளை அடைத்து, அது சரியான ஜாவாதானா என்று பார்க்கும் இணக்கச் சோதனையில் தேறியது 2008 ஜூனில். அங்கே சம்பளத்துக்கு ஆட்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒருவன்.

நம் நிரலுக்குள் எழுதியவர்கள் போட்டிருந்த குறிப்புரைகள், டாம் என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருந்தன. இன்று வழக்கில் உள்ள யூனிகோடுக்கு மாற்றிப் படித்தால், பாதி சந்தா கேட்ட பொருளாளரைத் திட்டியவை. நீக்கிவிட்டேன்.

அடுத்து, எழுதிய ஐவரின் ஒப்புதல். மூவர் கையெழுத்துப் போட்டார்கள். காலமான ஒருவரின் உரிமை 60 ஆண்டு வாரிசுக்கு; அவருடைய ஒரே மகள் காபி கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். ஐந்தாமவர் உள்ளூரில்தான் இருக்கிறார். நான்கு முறை வீட்டுக்குப் போனேன். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழவில்லை. மூன்று ஆண்டுச் சந்தாவும் பாக்கி. பெயர் சொல்வது நாகரிகமல்ல. இன்றும் அவர் வரவில்லை.

வரவு செலவு ஏறத்தாழ நேராகிவிட்டது. துண்டு விழுந்ததை நானே போட்டேன், விவரம் பொருளாளரிடம். மண்டபம் தந்தவருக்கும் மைக் செட்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பொறுப்பில் தொடரும் எண்ணம் எனக்கில்லை. நிரல் சிடியும் ஒப்புதல் படிவங்களும் பீரோவின் மேல்தட்டில் உள்ளன. எழுத்துருப் பகுதி பாதியில் நிற்கிறது. சி நிரல்மொழி தெரிந்த பிள்ளை ஒருவர் உதவிக்கு வந்தால், சரி, இன்னும் ஓராண்டு பார்க்கலாம். பீரோ சாவி இப்போதைக்கு என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்