கிண்டி குளங்களுக்குப் படித்துறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு கையகப்படுத்தி, அதில் 118 ஏக்கரில் பூங்கா வரும் என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களிலேயே மாநகராட்சி அங்கே மழைநீருக்காகக் குளம் வெட்டத் தொடங்கியது. வேளச்சேரிவாசிகளான எங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி மாளாது. அந்தப் பக்கத்து மழைநீர் ஐந்து பர்லாங் சாலை வழியாக எங்கள் பகுதிக்குத்தான் இறங்கி வருகிறது. 2015 டிசம்பரைப் பார்த்தவர்கள் அடைமழை என்றால் இன்றும் தூங்குவதில்லை.

குளம் வெட்டியாயிற்று. அதன் கரை எப்படி இருக்கப்போகிறது என்பதுதான் என் கவலை. நகரில் 'அழகுபடுத்தப்பட்ட' ஏரிகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். மண்கரையைச் சுரண்டி டைல்ஸ் பதிக்கிறார்கள், கம்பி வேலி போடுகிறார்கள், விளக்கு எரியும் எழுத்துகளை நிறுத்துகிறார்கள். மாலை நாலரை மணிக்கு அங்குள்ள கிரானைட் இருக்கையைத் தொட்டால் கை சுடுகிறது. கோடையில் தண்ணீர் இறங்கியதும் வேலிக்கு அப்பால் வெறும் பள்ளம்தான் தெரியும்.

நம் கோயில் குளங்களைக் கட்டியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். ஐப்பசியில் நாலு படிதான் வெளியே இருக்கும். சித்திரையில் இருபது படி தெரியும். எந்த மட்டத்திலும் குளம் குளமாகவே இருக்கும், உட்கார இடமும் இருக்கும். மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வற்றப்போகிற கிண்டி குளங்களுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் கருங்கல் படித்துறை போதும். மற்ற மூன்று பக்கமும் மண்கரையாகவே இருக்கட்டும். கரையில் நீர்மருதும் புங்கனும் நாவலும் வைத்தால் சில வருடங்களில் நிழல் கிடைத்துவிடும். இசை நீரூற்று, லேசர் காட்சி, மோட்டார் படகு எதுவும் வேண்டாம். காசு கொடுத்து எதையும் வாங்காமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார, கடற்கரையை விட்டால் இந்த ஊரில் எங்கே இடம் இருக்கிறது?

இன்னொன்று, ஊரின் நினைவு. அடையாற்றுக்கு அந்தப் பக்கம் சைதாப்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கம் வரை ஒரு காலத்தில் நீண்டு கிடந்த ஏரியைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்கு யார் சொல்வது? 1920களில் அதன் மாம்பலம் பகுதியை வற்றவைத்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த நிலத்தில்தான் நிற்கிறது. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நின்றபோது பலரும் ஆச்சரியப்பட்டார்கள். ஏரி இருந்த இடம் தெரிந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். பூங்காவின் நடைபாதைக் கல்லிலேயே அந்தப் பழைய ஏரியையும், வேளச்சேரி ஏரியையும், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும், அவற்றுக்கிடையே தண்ணீர் ஓடும் வழிகளையும் வரைபடமாகச் செதுக்கி வைக்கலாம். குழந்தைகள் அதன் மேல் நடந்தே தெரிந்துகொள்வார்கள். வெட்டிய குளத்துக்கு ஒரு மதகும் கலங்கலும் (மிகுந்த நீர் வழிந்து வெளியேறும் இடம்) கண்ணில் படும்படி அமைத்தால், நிரம்பியபின் தண்ணீர் எங்கே போகிறது என்பதும் புரியும்.

பராமரிப்பைப் பற்றியும் இப்போதே பேச வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) ஏரியைக் கவனிக்கத் தனி வாரியமே இருந்தது பதிவாகியிருக்கிறது. சுற்று வட்டார மக்களுக்கும் இடமுள்ள ஒரு குழுவைத் தோட்டக்கலைத் துறை அமைக்கட்டும். தூர் எடுப்பது, கழிவுநீர் கலக்காமல் பார்ப்பது இரண்டையும் அதன் பொறுப்பில் விடட்டும்.

டெண்டர் விடும் முன் பூங்காவின் வரைபடத்தை அடையாறு, கோடம்பாக்கம் மண்டல அலுவலகங்களில் ஒரு மாதமாவது மக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்துப்பூர்வமாகக் கருத்துக் கேட்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை.