அலுமாரியில கிடக்கிற டிவிடியளும் மாணவர் பக்கமும்

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கட பேப்பரின்ர மாணவர் பக்கத்தில டிஸ்க்குகளில தகவல் பதியிற இடங்களின்ர பேருகளை, ட்ராக், செக்டர், சிலிண்டர், பிட், லாண்ட் எண்டு வரிசையா விளக்கம் போடுறீங்கள், சோதினைக்கு அது காணும். ஆனா 1956ல ஐபிஎம் விட்ட முதல் ஹாட் டிஸ்க்கில 24 அங்குலத் தட்டு 50 இருந்தது எண்டு பாடமாக்கிற பிள்ளைக்கு, அக்காவின்ர கலியாண டிவிடி ஏன் ஓடேல்ல எண்டு சொல்லத் தெரியாது. நான் கிளிநொச்சிப் பக்கம் கொம்பியூட்டர் திருத்திற ஆள், அதால தான் எழுதுறன்.

2009க்குப் பிறகு முகாமால திரும்பி வந்த சனம் செய்த கலியாணம், சாமத்திய வீடு, திருவிழா, செத்த வீடு எண்டு கனக்க டிவிடியில தான் கிடக்குது, முந்தின போட்டோ ஒண்டும் மிஞ்சாத வீடுகளில இது மட்டும் தான் இருக்கு. பிரச்சினை என்னெண்டா கொம்பனி அடிச்ச படச் சீடியும் வீடியோக்காரர் அடிச்சுத் தாறதும் ஒண்டில்லை. படச் சீடியில பிட் எண்ட குழியளைப் பிளாஸ்ரிக்கிலயே அச்சில அழுத்தி எடுக்கிறது. வீடியோக்காரர் அடிக்கிற, ஆர் (R) எண்டு போட்ட டிஸ்க்கில குழியே இல்லை, உள்ளுக்க ஒரு சாயப் பூச்சு, லேசர் அதைச் சூடாக்கி மாத்தி விடுது, வாசிக்கேக்க அந்த இடத்தில வெளிச்சம் குறைவாத் திரும்பி வாறதால குழி மாதிரி நடிக்குது. சாயம் எண்டா வெயிலுக்கும் வெக்கைக்கும் ஈரத்துக்கும் மங்கும் தானே, தகரக் கூரைக்குக் கீழ அலுமாரிக்கு மேல வச்சா கேக்க வேணுமே. ஆர்டபிள்யூ (RW) எண்டு போட்டது வேற, அதில சாயமில்லை, உருகி இறுகிற உலோகக் கலவை, அதால தான் அழிச்செழுதலாம்.

டிஸ்க்கில தகவல் பதியிற பாதை உள்ளுக்கிருந்து வெளியால சுருளாப் போகுது, சுத்துக்குச் சுத்து இடைவெளி சீடியில 1.6 மைக்ரோன் (மைக்ரோன் எண்டா மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒரு பங்கு), டிவிடியில 0.74 தான். தொடக்கம் உள்ளுக்கயும் முடிவு விளிம்புப் பக்கமும் கிடக்கிறதால தாலி கட்டு வடிவா ஓடும், கடைசியில வாற பந்தி வந்தோடன இறுகி நிக்கும், ஏனெண்டா விளிம்பில தான் எங்கட கையும் ஊத்தையும் படுறது. சிலபேர் கீழ்ப்பக்கத்தை மட்டும் பவுத்திரமாப் பாத்துக்கொண்டு மேல்ப்பக்கத்தில குமிழ்முனைப் பேனையால இறுக்கிப் பேர் எழுதுகினம், சீடியில பளபளக்கிற படலம் அந்தப் பக்கம் மெல்லிய லாக்கர் பூச்சுக்குக் கீழ இருக்கு, அங்க கீறினா முடிஞ்சுது, கீழ்ப்பக்கக் கீறலையாவது பொலிஷ் பண்ணிப் பாக்கலாம்.

பழைய வீடியோக் கமராவில நேர அடிச்ச சின்ன டிவிடி வேற பிளேயரில ஓடாட்டி பழுது எண்டு எறியாதேங்கோ, ஃபைனலைஸ் பண்ணாமல், அதாவது மற்றப் பிளேயரும் வாசிக்கிற மாதிரிப் பதிவை மூடி முடிக்காமல் விட்டிருப்பினம்.

ஹாட் டிஸ்க் கதை சுருக்கமா. வாசிச்சு எழுதுற ஹெட் தட்டில முட்டாமல் சில நனோமீற்றர் உயரத்தில மிதக்குது, தலைமயிர் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மொத்தம். டிக் டிக் எண்டு சத்தம் கேட்டா திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கிறதும் சரியில்லை, யூரியூப்பைப் பாத்து எங்கட செம்மண் புழுதிக்குள்ள மூடியைக் கழட்டுறது அதைவிட மோசம். குயிக் போர்மட் அடிச்சா எந்த ஃபைல் எங்க கிடக்குது எண்ட அட்டவணை தான் போகுது, அதுக்கு மேல ஒண்டும் எழுதாட்டி மிச்சத்தை எடுக்கலாம். 500 ஜீபி வாங்கினா 465 தான் காட்டுது எண்டு கடைக்காரரோட சண்டை பிடிக்கிற ஆக்களும் இருக்கினம், கொம்பனி 1000 ஆல எண்ணுறான் விண்டோஸ் 1024 ஆல எண்ணுது, ஒருத்தரும் களவெடுக்கேல்ல.

இதுகளையும் மாணவர் பக்கத்தில போடுங்கோவன், செத்த ஹாட் டிஸ்க் ஒண்டைக் கழட்டி போட்டோவும் எடுத்துப் போட்டா பிள்ளையள் ஹெட் எது, தட்டு எது எண்டு பாக்கும், பாடமாக்கிற கரைச்சலும் குறையும். போன் விளம்பரம் மாதிரி வாற அரைப்பக்கத்தைக் குறைச்சாலே இடம் வந்திடும். கனக்க புது லப்டொப்பில டிவிடி ட்ரைவே இல்லை, அதால வீட்டில இருக்கிறதைப் பென் ட்ரைவுக்கோ வேற ஹாட் டிஸ்க்குக்கோ ரெண்டு கொப்பி எடுக்கச் சொல்லி முதல் வரியிலயே போடுங்கோ.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கிளிநொச்சி