செவ்வாயில் மூச்சு விட முதலில் அழுத்தம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

செவ்வாய்க் கிரகத்தை மனிதர் வாழும் இடமாக மாற்றுவது குறித்து உங்கள் இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். ஆக்சிஜனை வெளியிடும் நீலப்பச்சைப் பாசியைக் கொண்டுபோய் விட்டால் நூறு வருடத்தில் கவச உடை இல்லாமல் அங்கே நடமாடலாம் என்ற வரிகளை, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறாள். மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஆக்சிஜன் பிரிவில் வேலை செய்பவன் நான். அந்த வரிகளை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாயின் காற்றில் 95 விழுக்காடு கரியமில வாயு என்று கட்டுரை சரியாகவே சொல்கிறது. ஆனால் அந்தக் காற்றே எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அங்கே தரையில் காற்றழுத்தம் சுமார் 6 மில்லிபார். நம் கடல் மட்டத்தில் 1,013. கொடைக்கானலிலும் காற்றில் ஆக்சிஜன் இங்கே இருக்கிற அதே 21 விழுக்காடுதான். ஆனாலும் நுரையீரல் நோய் உள்ளவர்கள் மேலே போனால் திணறுகிறார்கள். 2,100 மீட்டர் உயரத்தில் அழுத்தம் குறைந்துவிடுவதுதான் காரணம். செவ்வாயின் காற்று முழுவதையும் சுத்த ஆக்சிஜனாகவே மாற்றிவிட்டாலும், 6 மில்லிபாரில் அது ஒரு மூச்சுக்கும் உதவாது. சுமார் 63 மில்லிபாருக்குக் கீழே போனால் உடல் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும். நாக்கில் இருக்கும் எச்சிலும் கொதிக்கும்.

அப்படியானால் காற்றைக் கூட்ட வேண்டும். எதை வைத்துக் கூட்டுவது? புரூஸ் ஜக்கோஸ்கி, கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். துருவத்தில் உறைந்திருக்கும் கரியமில வாயு முழுவதையும் ஆவியாக்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். மண்ணிலும் பாறையிலும் இருப்பதைச் சேர்த்தாலும் பூமியின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு தேறாது. காந்தக் கவசத்தை இழந்த அந்தக் கிரகத்தின் பழைய காற்றில் பெரும்பகுதி விண்வெளிக்குப் போய்விட்டது. இன்றும் கசிந்துகொண்டிருப்பதை 2014 முதல் மேவன் விண்கலம் அளந்து சொல்லியிருக்கிறது.

பாசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து நெல் விவசாயிகளுக்கு நீலப்பச்சைப் பாசி தெரியாததல்ல. உரமாக வயலில் இடுவார்கள். பூமியின் காற்றில் ஆக்சிஜனைச் சேர்த்ததும் அதன் மூதாதைகள்தான். அந்த ஆக்சிஜன் காற்றில் தங்கத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பெரிய விலங்குகள் தலைகாட்ட அதன்பிறகும் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவும் கடல் நிறையத் தண்ணீர் இருந்த பூமியில்! நூறு வருடம் என்பது எங்கிருந்து வந்த கணக்கு?

செவ்வாயில் ஆக்சிஜன் தயாரிக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. நாசாவின் பெர்சவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி என்ற கருவி அதைச் செய்தே காட்டியது. அங்குள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, அழுத்தி, சுமார் 800 டிகிரி சூட்டில் மின்சாரத்தால் பிரித்தது. முதல் ஆக்சிஜன் கிடைத்தது 2021 ஏப்ரலில். அந்த நாட்களில் நாங்கள் இங்கே கொரோனா இரண்டாம் அலையில், அடுத்த லோடு எப்போது வரும் என்று டேங்க்கின் அளவுமானியைப் பார்த்தபடி நின்றோம். அதனாலோ என்னவோ, அந்தச் செய்தியை என்னால் மறக்க முடியவில்லை. 2023 வரை 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம் எடுத்தது மாக்ஸி. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 840 கிராம் வேண்டும். அந்த 122 கிராம் ஒருவருக்கு மூன்றரை மணி நேரத்துக்குத்தான் வரும். எங்கள் ஜம்போ சிலிண்டர் ஒன்றில் இருக்கும் 7 கன மீட்டர் ஆக்சிஜனே ஒன்பது கிலோவுக்கு மேல் எடை வரும். இருந்தாலும் மாக்ஸி செய்ததைச் சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை. வேறொரு கிரகத்தின் காற்றிலிருந்து மனிதன் ஆக்சிஜன் எடுத்தது அதுவே முதல் முறை.

அங்கே நம்மால் செய்யக்கூடியது, காற்றுப் புகாத அறைக்குள் அழுத்தத்தை நிறுத்திவைத்து, வெளிவிடும் கரியமில வாயுவை அகற்றி, ஆக்சிஜனை அளந்து விடுவது. ஒரு கிரகத்தின் வானத்தையே மாற்றுவது வேறு பேச்சு. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. மாணவர்கள் விரும்பிப் படிக்கும் இதழ் உங்களுடையது. அந்த நூறு வருடக் கணக்குக்குத் தயவுசெய்து ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மாக்ஸி எப்படி இயங்கியது, மூடிய அறையில் கசிவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று படங்களோடு விரிவாக ஒரு கட்டுரையும் போடுங்கள். அடிக்கோடு போட என் மகள் பென்சிலோடு காத்திருப்பாள்.

இப்படிக்கு,
மருத்துவமனை ஆக்சிஜன் பிரிவுப் பணியாளர்,
அனுப்பானடி, மதுரை